கொடைக்கானல் ஏரியும் அடிவாரத்து ஆறுகளும்

வெளியிடங்களுக்குச் சென்று பொழுதைப் போக்குவது நகரத்தாருக்கு மட்டும் உரிய பழக்கம் என்று சிலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. ஆடிப் பதினெட்டில் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குச் செல்லும் வழக்கம் நம் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. அருவியில் நீராடுவதும், மலையேறிச் சென்று கோயில் தொழுவதும், அறுவடை முடிந்த பிறகு உற்றார் உறவினருடன் யாத்திரை போவதும் நமக்குப் புதியவை அல்ல. உழைத்துக் களைத்த உடலுக்கும் மனத்திற்கும் இவை புத்துயிர் அளிக்கின்றன. ஆகவே பொழுதுபோக்கைப் பற்றிப் பேசுவது உழவர்க்கும் ஊராட்சி உறுப்பினர்க்கும் வேண்டாத பேச்சாகாது.

ஆயினும் முன்பு ஓர் ஊரார் மட்டும் சென்று வந்த இடத்திற்கு இன்று பல மாவட்டங்களிலிருந்தும், பிற மாநிலங்களிலிருந்தும் மக்கள் வந்து குவிகின்றனர். இதனால் வருவாயும் வருகிறது, தொல்லையும் வருகிறது. வருவாயைப் பெருக்கித் தொல்லையைக் குறைப்பது எவ்வாறு என்பதைத் திண்டுக்கல் மாவட்டத்திலுள்ள கொடைக்கானல் ஏரியையும், அதைச் சூழ்ந்த பழனி மலைத்தொடரில் பிறக்கும் ஆறுகளையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கு ஆராய்வோம்.

ஏரி தோன்றிய வரலாறு

கொடைக்கானல் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 7,000 அடி உயரத்தில் உள்ளது. அங்குள்ள ஏரி இயற்கையாக அமைந்ததன்று. மதுரை மாவட்டத்தில் கலெக்டராக இருந்த சர் வியர் ஹென்றி லெவிஞ்ச் என்பாரின் முயற்சியால் 1863-ஆம் ஆண்டில் சதுப்பாகக் கிடந்த பள்ளத்தாக்கின் குறுக்கே கரை எழுப்பி நீரைத் தேக்கினார்கள். சுமார் 60 ஏக்கர் பரப்புள்ள அந்த ஏரி விரல்களை விரித்த கைபோலப் பல கிளைகளாகப் பிரிந்து காணப்படுகிறது. அதைச் சுற்றிச் செல்லும் பாதை ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளம் உடையது. 1890-ஆம் ஆண்டிலேயே அங்குப் படகுக் கழகம் ஒன்று தோன்றிவிட்டது.

அந்நாளில் மலைக்கு வண்டிப்பாதை கிடையாது. சமவெளியிலிருந்து வருவோர் குதிரை மீதோ, ஆட்கள் சுமக்கும் நாற்காலியிலோ ஏறிச் சென்றனர். 1916-ஆம் ஆண்டளவில் மலைச்சாலை அமைந்தபின் நிலைமை மாறியது. இன்று வத்தலக்குண்டு வழியாகவும் பழனி வழியாகவும் சாலைகள் உள்ளன. காலையில் மதுரையிலிருந்து புறப்பட்டவர் நண்பகலுக்குள் ஏரிக்கரையில் நிற்க முடிகிறது. ஏரியில் படகு ஓட்டுகின்றனர். கரையைச் சுற்றி மிதிவண்டியிலும் குதிரையிலும் செல்கின்றனர். சோலைகளிடையே நடந்து மகிழ்கின்றனர். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை குறிஞ்சி மலரும்போது கூட்டம் மேலும் பெருகுகிறது. 2018-இல் மலர்ந்த குறிஞ்சி, இனி 2030-இல் மலர வேண்டும்.

நீர் எங்கே செல்கிறது?

உல்லாசமாக வருவோர் ஏரியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவர். உழவரோ அந்த நீர் எங்கே போகிறது என்று கேட்க வேண்டும். ஏனெனில் மலைமேல் தங்கும் நீர் அனைத்தும் ஒருநாள் கீழே இறங்கியே தீரும்.

கொடைக்கானல் ஏரி நிறைந்து வழியும் நீர், ஊரிலிருந்து சுமார் 8 கிலோமீட்டர் தொலைவில் சாலையோரத்தில் 180 அடி உயரத்திலிருந்து விழுகிறது. அதனையே வெள்ளி அருவி என்று அழைக்கிறோம். மலைத்தொடரின் தென்புறத்தில் பாம்பாறு கும்பக்கரை அருவியாக இறங்குகிறது. மஞ்சளாறு தலையாறு அருவியின் நீரைக் கொண்டுவருகிறது. 975 அடி உயரமுள்ள தலையாறு அருவியை எலிவால் அருவி என்றும் மக்கள் கூறுவர். இவ்வாறு தென்புறம் இறங்கும் நீர் வைகைப் படுகையைச் சேர்கிறது. வடபுறத்தில் பாலாறும் பொருந்தலாறும் பழனிக்கு அருகே அணையில் தேங்கி, அப்பால் சண்முகநதியாகி அமராவதியில் கலக்கின்றன. அமராவதி காவிரியைச் சேர்கிறது.

ஆகவே பழனி மலைத்தொடர், வைகை, காவிரி ஆகிய இரண்டு படுகைகளுக்கும் நீர் வழங்கும் தாயாக விளங்குகிறது. காவடி எடுத்துவரும் அடியார்கள் மலையேறுமுன் சண்முகநதியில் நீராடுகின்றனர். அந்நீர் இம்மலையின் வடசரிவிலிருந்து வந்ததே. பெரியகுளம் நகர மக்களுக்கு மலைமேலுள்ள பேரிஜம் ஏரியிலிருந்தும் குடிநீர் கிடைக்கிறது. மேலே இருப்பவர் செய்யும் பிழை கீழே இருப்பவரின் குடத்தில் வந்து சேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மலை நீரைச் சேமித்து வைக்கும் முறை

மழை பெய்வது சில மாதங்களே. ஆயினும் மலையோடைகளில் ஆண்டின் பெரும்பகுதி நீர் ஓடுகிறது. இதற்குக் காரணம் சோலைக் காடும் புல்வெளியும் ஆகும். மலை மடிப்புகளில் அடர்ந்து வளர்ந்த குட்டையான மரங்களைச் சோலை என்கிறோம். மேட்டுநிலங்களில் புல் படர்ந்திருக்கிறது. இவற்றின் அடியிலுள்ள மக்கு நிறைந்த மண் பஞ்சுபோல மழைநீரை உறிஞ்சிக்கொண்டு, பின்னர் சிறிது சிறிதாகக் கசியவிடுகிறது. அக்கசிவே ஊற்றாகி, ஓடையாகி, ஆறாகிறது.

புல்வெளியை அழித்து வேகமாக வளரும் அயல்நாட்டு மரங்களை நட்டால் என்ன நேரும்? நீலகிரியிலுள்ள கிளென்மார்கனில் இதனை ஆராய்ந்தனர். புல்வெளியில் தைல மரம் நட்ட பகுதியில் முதல் 10 ஆண்டுகளில் ஓடைக்கு வரும் நீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது என்று கண்டனர். மரம் நடுவது எப்போதும் நன்மையே என்று நாம் எண்ணியிருக்கிறோம். எந்த இடத்தில் எந்த மரம் என்பதை அறிந்து நடுவதே நன்மை என்பதை இந்த ஆராய்ச்சி உணர்த்துகிறது. பழனி மலையிலும் சீகை, தைலம், பைன் முதலிய மரங்கள் பரந்த புல்வெளிகளை மூடிவிட்டன.

பயணிகள் புல்வெளியில் வண்டியை ஏற்றினால் மண் இறுகுகிறது. இறுகிய மண்ணில் மழைநீர் இறங்காது. மேலோடு ஓடி மண்ணையும் அரித்துச் செல்கிறது. ஒரு வண்டித்தடம் சிறிதெனத் தோன்றலாம். நூறு வண்டிகள் சென்ற தடம் அடுத்த மழையில் ஓர் ஓடையாக மாறிவிடும். அந்த மண் கீழேயுள்ள ஏரியிலும் அணையிலும் படிந்து கொள்ளளவைக் குறைக்கும்.

ஏரி கெடுவது எவ்வாறு?

தேங்கிய நீருக்கும் ஓடும் நீருக்கும் வேறுபாடு உண்டு. ஓடும் நீர் அழுக்கை எடுத்துச் செல்கிறது. தேங்கிய நீர் அதைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. விடுதிகளின் கழிவுநீர், சாணம், உணவு மிச்சம் ஆகியவை ஏரியில் சேர்ந்தால் அவற்றிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் நீரில் கலக்கின்றன. வயலில் எரு இட்டால் பயிர் செழிப்பது போலவே ஏரியில் பாசியும் நீர்ச்செடியும் செழிக்கின்றன. அவை மடிந்து அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு குறைகிறது. மீன்கள் திணறுகின்றன, நீர் நாற்றமெடுக்கிறது, படகின் துடுப்பு செடிகளில் சிக்குகிறது. கொடைக்கானல் ஏரியில் நீர்ச்செடிகள் மண்டுவதும், அவற்றைப் பெருஞ்செலவில் அகற்றுவதும் பல ஆண்டுகளாக நடந்து வருகின்றன. நடுவண் அரசின் தேசிய ஏரிப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழும் இந்த ஏரியைச் சீர்திருத்த ஏற்பாடு செய்தனர்.

செடியை அகற்றுவது நோயின் அடையாளத்தைத் துடைப்பதேயாகும். சத்து உள்ளே வருவதைத் தடுத்தால்தான் நோய் தீரும். இதனைப் பேரிஜம் ஏரியோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டும் ஏறத்தாழ ஒரே பரப்புள்ளவை. பேரிஜத்தின் கரையில் நகரம் இல்லை, விடுதி இல்லை. வனத்துறையின் அனுமதிச்சீட்டுப் பெற்ற வண்டிகள் மட்டும் பகலில் சென்று திரும்புகின்றன. அந்த ஏரியின் நீர் குடிப்பதற்கு ஏற்றதாகவே இருந்து வருகிறது. ஏரியைக் காண்பதற்கு அங்கே தடை இல்லை. காண வருவோரின் எண்ணிக்கைக்கும் செயலுக்கும் வரம்பு உண்டு. அவ்வளவே வேறுபாடு.

எண்ணிக்கைக்கு வரம்பு

ஒரு கிணற்றில் எவ்வளவு ஊற்று உண்டோ அவ்வளவே இறைக்க வேண்டும் என்பது உழவர் அறிந்த உண்மை. மலையிடத்திற்கும் அத்தகைய அளவு ஒன்று உண்டு. சாலையின் அகலம், குடிநீரின் அளவு, குப்பையை அகற்றும் வசதி ஆகியவற்றைப் பொறுத்தே எத்தனை பேரை ஏற்கலாம் என்பது அமையும்.

சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024-ஆம் ஆண்டு மே 7-ஆம் தேதி முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வெளியூர் வண்டிகளில் செல்வோர் இணையவழி அனுமதிச்சீட்டுப் பெற வேண்டும் என்ற முறை வந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகளும், வார இறுதி நாட்களில் 6,000 வண்டிகளும் மட்டுமே செல்லலாம் என வரம்பு கட்டினர். உள்ளூர் வண்டிகளுக்கும், அரசுப் பேருந்துகளுக்கும், விளைபொருள் ஏற்றிச் செல்லும் வண்டிகளுக்கும் இந்த வரம்பு இல்லை. இது உழவர்கள் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தியாகும். பயணிகள் கூட்டத்தால் மலைச்சாலை அடைபட்டால் பூண்டும் காரட்டும் உருளைக்கிழங்கும் உரிய நேரத்தில் சந்தையை அடைய மாட்டா. நோயாளியும் மருத்துவமனையை அடைய மாட்டார். ஆகவே வரம்பு கட்டுவது மலைவாழ் மக்களின் நலத்திற்கும் உகந்ததே. கடை வைத்துப் பிழைப்போர் வருவாய் குறையுமே என்று கவலைப்படுவதும் நியாயமானது. ஒரே நாளில் குவியும் கூட்டத்தை ஆண்டு முழுவதும் பரப்பினால் அக்கவலை பெரிதும் குறையும்.

குப்பையைப் பற்றியும் சில விதிகள் உண்டு. ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களை 2019 ஜனவரி முதல் தமிழ்நாடு அரசு தடை செய்துள்ளது. கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளுக்கு 20 ரூபாய் பசுமை வரி விதிக்க 2024-இல் ஏற்பாடு செய்தனர். நீலகிரியில் 2022 முதல் மதுப்புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாகப் பெற்றுக்கொண்டு, காலிப் புட்டியைத் திருப்பித் தந்தால் அத்தொகையைக் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தனர். எறியும் பொருளுக்கு ஒரு விலை இருந்தால் எறியும் கை தயங்கும் என்பதே இவற்றின் அடிப்படை. உடைந்த புட்டியின் சில்லு யானையின் காலையும் குத்தும். ஆற்றில் இறங்கி நாற்று நனைக்கும் உழவரின் காலையும் குத்தும்.

அருவியிலும் காட்டிலும் எச்சரிக்கை

மலையாற்றில் நீராடுவது இன்பம் தரும். ஆனால் அதன் இயல்பை அறியாமல் இறங்குவது ஆபத்து. அடிவாரத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே மலையுச்சியில் பெருமழை பெய்யக்கூடும். செங்குத்தான சரிவில் விழுந்த மழை சிறிது நேரத்திலேயே திரண்டு வெள்ளமாக இறங்கும். முழங்கால் அளவு நீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மார்பளவு ஆகிவிடும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்குதல், சருகும் சுள்ளியும் மிதந்து வருதல், மேலே இரைச்சல் கேட்டல் ஆகியவை வெள்ளத்தின் முன்னறிவிப்புகள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். துணியையும் பாத்திரத்தையும் எடுக்கத் திரும்பலாகாது. கும்பக்கரையில் நீர்வரத்து மிகும்போது வனத்துறையினர் குளிப்பதற்குத் தடை விதிப்பது இதனாலேயே. வெகுதூரம் வந்தோமே என்று தடையை மீறிப் பாறைமேல் ஏறுவோரைத் தடுக்கும் பொறுப்பு அருகிலுள்ள ஊராருக்கும் உண்டு. பாசி படிந்த பாறை வழுக்கும். அருவியின் கீழுள்ள குழியின் ஆழம் மேலிருந்து பார்ப்போர்க்குத் தெரியாது. உள்ளூரார் அறிந்த இந்த உண்மைகளை வெளியூரார்க்கு அறிவிப்பது பெரிய தருமமாகும்.

காட்டில் நடைப்பயணம் செல்வோர்க்கும் விதிகள் தேவை. 2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணிக்கு மேலுள்ள மலையில் பரவிய காட்டுத்தீயில் சிக்கி, நடைப்பயணம் சென்றவர்களுள் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கோடையில் காய்ந்த புல் ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். தீ மேட்டை நோக்கி மனிதர் ஓடுவதைவிட வேகமாக ஏறும். அந்தத் துயரத்திற்குப் பின் அதே ஆண்டில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை அரசு வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளுடன் நடைப்பயணம் செல்லும் திட்டத்தைத் தொடங்கியது. காட்டை அறிந்த பழங்குடி இளைஞர்க்கும் மலைக்கிராம இளைஞர்க்கும் அது ஒரு தொழிலாகிறது. அனுமதியற்ற பாதையில் கூலிக்கு அழைத்துச் செல்வது எத்துணை ஆபத்தானது என்பதை அவர்களுக்கு ஊராட்சியார் எடுத்துரைக்க வேண்டும்.

சிற்றூர்களுக்கு வரும் வாய்ப்பு

ஏரிக்கரையில் நெருக்கடி மிகுந்ததால் பயணிகள் இப்போது பூம்பாறை, மன்னவனூர், கூக்கால் முதலிய ஊர்களையும் நாடுகின்றனர். பூம்பாறையில் படிப்படியாக அமைந்த வயல்களும் குழந்தை வேலப்பர் கோயிலும் உள்ளன. அப்பகுதியில் விளையும் கொடைக்கானல் மலைப்பூண்டு புவிசார் குறியீடு பெற்றது. மன்னவனூரில் வனத்துறை ஏரியில் பரிசல் விடுகிறது. அங்கு ஓர் ஆட்டு ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. உழவர் தம் விளைபொருளை இடைத்தரகரின்றி நேரே விற்பதற்கும், மகளிர் சுய உதவிக் குழுவினர் சிற்றுண்டி சமைத்து விற்பதற்கும் இது நல்ல வாய்ப்பாகும்.

ஆயினும் கொடைக்கானல் ஏரி பட்ட பாட்டை மன்னவனூர் ஏரியும் படாதிருக்க வேண்டுமானால், கூட்டம் வருமுன்பே ஏற்பாடு செய்ய வேண்டும். வந்தபின் செய்வது வெள்ளம் வந்தபின் கரை போடுவது போலாகும். ஊராட்சிகள் செய்யத்தக்கவை என நாம் கருதுவன பின்வருமாறு:

முதலாவதாக, வண்டி நிறுத்த ஓரிடம் குறிக்க வேண்டும். அது புல்வெளியிலோ, நீரோடைக்கு அருகிலோ இருத்தலாகாது. அங்கிருந்து மக்கள் நடந்து செல்லட்டும்.

இரண்டாவதாக, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே கழிப்பிடம் அமைத்து, அதற்கு நீரும் துப்புரவுக்கு ஆளும் ஏற்பாடு செய்ய வேண்டும். மலைச்சரிவில் குழி தோண்டும்போது அதன் கசிவு ஊற்றுக்கண்ணை நோக்கிச் செல்லாத இடமாகத் தேர்ந்தெடுத்தல் இன்றியமையாதது. வீடுகளில் பயணிகளைத் தங்கவைப்போரும் கழிவுநீர்த் தொட்டியின்றி அறை கட்டலாகாது.

மூன்றாவதாக, குப்பையை மக்குவது, மக்காதது எனப் பிரித்துப் பெற வேண்டும். மக்குவது அவ்வூர்த் தோட்டங்களுக்கே எருவாகும். மக்காததைத் தூய்மைக் காவலர்கள் திரட்டிக் கீழே அனுப்ப வேண்டும். கொண்டுவந்ததைத் திரும்பக் கொண்டு செல்லுமாறு பயணிகளிடம் கூறும் பலகையை ஊர் எல்லையிலேயே நிறுத்தலாம்.

நான்காவதாக, பயணிகளால் கிடைக்கும் வருவாயில் ஒரு பங்கை ஏரிக்கரையைக் காப்பதற்கும் ஓடையைத் தூர் வாருவதற்கும் ஒதுக்க வேண்டும். பசுவைக் கறப்பவர் அதற்குத் தீனியும் போட வேண்டும் அல்லவா?

ஐந்தாவதாக, மலைமேலுள்ள ஊராட்சிகளும் அடிவார ஊராட்சிகளும் கலந்து பேச வேண்டும். ஆற்றின் தலையில் வாழ்வோரும் கடையில் வாழ்வோரும் ஒருவரையொருவர் அறியாமலேயே ஒரே நீரைப் பகிர்ந்துகொள்கின்றனர். கும்பக்கரையில் நீர் கலங்கினால் மேலே என்ன நேர்ந்தது என்று விசாரிப்பதற்கு ஒருவர் பெயர் தெரிந்திருத்தல் நலம். மேலே பெருமழை பெய்யும்போது கீழுள்ளோர்க்குத் தொலைபேசியில் ஒரு சொல் கூறினால் பல உயிர்கள் காப்பாற்றப்படும்.

இவற்றை விவாதிக்கக் கிராம சபை இருக்கிறது. குடியரசு நாள், தொழிலாளர் நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய நான்கு நாட்களோடு, 2022 முதல் மார்ச் 22-ஆம் நாளாகிய உலகத் தண்ணீர் நாளிலும், நவம்பர் 1-ஆம் நாளாகிய உள்ளாட்சி நாளிலும் கிராம சபை கூடுமாறு அரசு ஏற்பாடு செய்துள்ளது. மார்ச் 22-ஆம் நாள் கோடைக் கூட்டம் வருவதற்குச் சில வாரங்களே முன்னதாக அமைவதால் இப்பொருளைப் பேச அதுவே தக்க தருணமாகும். நிறுத்துமிடம் எது, கழிப்பிடத்தைத் துலக்குவோர் யார், அருவியில் காவல் நிற்போர் யார் என்று பெயர் குறித்துத் தீர்மானம் நிறைவேற்றினால் ஏப்ரலில் தடுமாற வேண்டியதில்லை.

மலையும் ஏரியும் ஆறும் எல்லார்க்கும் பொது. சென்னையிலிருந்து வரும் குழந்தை படகில் அமர்ந்து மகிழ்வதற்கும் உரிமை உண்டு. பழனிக்குக் கீழே நெல் பயிரிடும் உழவர் நல்ல நீர் பெறுவதற்கும் உரிமை உண்டு. ஒன்றற்கொன்று பகையாகாமல் இவ்விரண்டையும் காப்பது இடையில் இருக்கும் ஊராட்சிகளின் கையில் உள்ளது. தம் ஊரைக் காண வருவோரை அன்புடன் வரவேற்று, தம் ஊரின் ஒழுங்கையும் அவர்களுக்கு அறிவித்து, வந்தபோது இருந்தவாறே ஏரியையும் ஓடையையும் விட்டுச் செல்லச் செய்யும் ஊரே சிறந்த ஊராகும். வரும் கோடைக்குள் மலையூர்கள் யாவும் அத்தகைய ஏற்பாட்டினைச் செய்து முடிக்கும் என நம்புகிறோம்.